டோக்கியோவுக்குப் போன அப்பா, அம்மா... ஓசூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய ஜப்பானியப் படம்!

சனிக்கிழமை சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் காட்சி கண்ணில் படும். தருமபுரி பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து வயதான தம்பதி இறங்குவார்கள். கையில் கட்டைப்பை. உள்ளே கேழ்வரகு மாவு, சீசன் என்றால் மாம்பழம். கூட்டிப்போக வந்த மகனிடம், "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோம்ப்பா" என்பார் அம்மா. "நாளைக்கு எனக்கு ஓ.டி. இருக்கேம்மா" என்பான் மகன்.

இதே காட்சியை 1953-லேயே ஒருவர் படமாக எடுத்துவிட்டார். படம், 'டோக்கியோ ஸ்டோரி'. இயக்குநர், யசுஜிரோ ஓசு.

கதை இவ்வளவுதான்!

ஒனோமிச்சி என்ற கடலோர ஊரில் கடைசி மகளோடு வசிக்கும் முதிய தம்பதி, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ரயில் ஏறுகிறார்கள். மூத்த மகன் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஊர் சுற்றக் கூட்டிப்போகக் கிளம்பும் நேரத்தில், ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அழைப்பு வருகிறது. பயணம் ரத்து. மகள் பியூட்டி பார்லர் நடத்துகிறாள்; அவளுக்கும் நேரமில்லை. அண்ணனும் தங்கையும் பணம் போட்டு, பெற்றோரை அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே ராத்திரி முழுக்க ஆட்டமும் பாட்டும். தூக்கம் வராமல் இருவரும் மறுநாளே திரும்பிவிடுகிறார்கள்.

அவர்களை உண்மையாகக் கவனித்துக்கொள்வது நோரிகோ. போரில் இறந்துபோன இரண்டாவது மகனின் மனைவி. ஆபீசில் ஒரு நாள் லீவு போட்டு, மாமனார், மாமியாருக்கு டோக்கியோவைச் சுற்றிக் காட்டுகிறாள். அவள் வீடு ஒரே ஓர் அறை. மாமனாருக்குக் கொடுக்க வீட்டில் மது இல்லை என்று பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வருகிறாள். ஓசூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வில்லன் யாரும் இல்லை

நம்மூர் சீரியலாக இருந்தால் அந்த மகளை வில்லியாக்கி இருப்பார்கள். ஓசு அப்படிச் செய்யவில்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. வேலையும் குடும்பமும் அவர்களை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. பெற்றோருக்கும் அது தெரியும். கோபப்படாமல் சிரித்தபடியே ஊருக்குக் கிளம்புகிறார்கள். வழியிலேயே அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு இறந்துவிடுகிறார்.

கேமரா பெரும்பாலும் தரையில் உட்கார்ந்தவரின் கண் உயரத்திலேயே நிற்கிறது. நம் வீட்டு நடுவில் பாய் விரித்து உட்கார்ந்து, அந்தக் குடும்பம் பேசுவதைக் கேட்பது போல இருக்கும். முதல் அரை மணி நேரம் 'என்னடா இது, ஒன்றுமே நடக்கவில்லையே' என்று தோன்றலாம். பொறுமையாக இருந்தால் மனசு தானாக உள்ளே போய்விடும். 2012-ல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலகம் முழுவதும் உள்ள இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படத்துக்குத்தான் முதலிடம்.

ஒரு கடிகாரம்

கடைசியில் அப்பா, தன் மனைவி வைத்திருந்த பழைய கடிகாரத்தை நோரிகோவிடம் கொடுக்கிறார். 'பெற்ற பிள்ளைகளைவிட நீதான் எங்களுக்கு அதிகம் செய்தாய்' என்று நன்றி சொல்கிறார். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். டோக்கியோ திரும்பும் ரயிலில் அந்தக் கடிகாரத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே போகிறாள்.

டைட்டன் தொழிற்சாலை வந்ததிலிருந்து வாட்ச்சுக்குப் பேர்போன ஊர் ஓசூர். ஷிஃப்ட், பஞ்ச், கம்பெனி பஸ் என்று இங்கே எல்லாமே மணியைப் பார்த்துத்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து பார்க்கும்போது, அந்தச் சின்னக் கடிகாரம் தொண்டையை அடைக்கவே செய்யும்.

எதில் தொடங்கலாம்?

வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதலில் 'குட் மார்னிங்' (1959) பாருங்கள். டி.வி. வாங்கித் தரச் சொல்லி இரண்டு சிறுவர்கள் பேசாமல் போராட்டம் செய்யும் கலகலப்பான கலர் படம். அடுத்து, அப்பாவைத் தனியே விட்டுக் கல்யாணம் செய்துகொள்ளத் தயங்கும் மகளின் கதையான 'லேட் ஸ்பிரிங்' (1949). பிறகு 'டோக்கியோ ஸ்டோரி'. 2 மணி 16 நிமிடப் படம். பஸ்ஸில் துண்டு துண்டாகப் பார்க்காமல், வார லீவில் ஒரே மூச்சில் சப்டைட்டிலோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை ஊரிலிருந்து, "இந்த வாரம் வரட்டுமாப்பா?" என்று போன் வந்தால், ஷிஃப்ட்டை மாற்ற முடியுமா என்று சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நோரிகோ போட்டதும் ஒரு நாள் லீவுதான்!