ட்ரெய்னிங் மிஸ் வந்திருக்காங்க

திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஆண்டுதோறும் ஒரு காலை நேரத்தில், ஒரே நிறப் புடவையில் ஏழெட்டுப் பேர் வந்து இறங்குவார்கள். கையில் சுருட்டிய சார்ட், தோள்பையில் பாடக்குறிப்பேடு. காலை வழிபாடு முடிவதற்குள் வரிசையின் கடைசி வரை கிசுகிசு போய்விடும்: "டேய், ட்ரெய்னிங் மிஸ் வந்திருக்காங்க!" அதில் பாதி கொண்டாட்டம், பாதி குறும்பு. இவர்கள் மதிப்பெண் போடப்போவதில்லை, சில மாதங்களில் போய்விடுவார்கள் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

இவர்கள் படிக்கும் பி.எட். 2015-16 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பானது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் 20 வாரம் பள்ளியில் கழிய வேண்டும்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. கல்லூரி வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை போதும். பள்ளிப் பயிற்சிக்கு 90 வேண்டும். ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு எத்தனை நாள்தான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருப்பது, வண்டியைக் கையில் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்ற கணக்கு.

வண்டி மட்டும் அவருடையது அல்ல. வகுப்பு வழிகாட்டி ஆசிரியருடையது. கல்லூரியில் மாணவி, இங்கே ஆசிரியை, ஆனால் விருந்தாளி. விருந்துக்குப் போன வீட்டில் யாரும் அடுப்படி டப்பாக்களை இடம் மாற்றி வைப்பதில்லை. வழிகாட்டி ஆசிரியர் பின்னக் கணக்கை ஒரு வழியில் போட்டுக் காட்டியிருக்கிறார், பயிற்சி ஆசிரியைக்கு அதைவிட எளிய வழி தெரியும் என்று வைத்துக்கொள்வோம். "உங்க மிஸ் சொன்னதை விட்டுடுங்க" என்று பிள்ளைகள் முன்னால் சொன்னால் அன்றோடு இருவர் மதிப்பும் போச்சு. இடைவேளையில் போய், "மேடம், இப்படிச் சொல்லிப் பார்க்கட்டுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். கேட்காமலே விட்டுவிடுவது மரியாதை ஆகாது. அது சோம்பல்.

ஆசிரியருக்கு இலக்கணம் எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டுக்காரர் என்று சொல்லும் மரபு உண்டு. அவர் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நான்கு உவமை சொன்னதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். ஆசிரியர் ஆகத் தகாதவருக்குச் சொன்ன நான்கும் அதைவிடக் காரமானவை. கழற்காய் போட்ட குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் போட்ட வரிசையில் விழாது. பாடத்தை முன்பின்னாகக் கொட்டுபவர் அப்படி. பருத்தி அடைத்த குண்டிகை, கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தால்தான் கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினால்தான் கொடுக்கும். நெருங்க விடாத மடற்பனை, ஒரு வீட்டில் தண்ணீர் குடித்து அடுத்த வீட்டில் காய் போடும் முடத்தெங்கு ஆகியவை மற்ற இரண்டு. நூலும் தறியுமாக வாழும் இந்த ஊரில் பருத்திக் குண்டிகைக்கு உரை எழுதத் தேவையில்லை.

இன்றைய கழற்குடத்துக்கு ஒரு காரணம் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மாநில ரேங்க் பட்டியலால் பேர் வாங்கிய இடம் நாமக்கல். 2017இல் ரேங்க் அறிவிப்பது நின்றபோதும் பழக்கம் நிற்கவில்லை. ஒரு மார்க் கேள்வியாகவே பாடத்தை விழுங்கி வளர்ந்தவர் பயிற்சிக்கு வந்ததும் தானும் விடைகளைச் சொல்லி எழுதவைக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறு மாதிரி வகுப்பை அவர் பார்த்ததே இல்லை.

நாக்கைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். முதல் நாள் பெயர் கேட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் வருகிற கேள்வி, "அப்பா என்ன பண்றாரு?" இந்த ஊர் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வட மாநிலங்கள் வரை போகின்றன, வேலைக்குப் போன அப்பா வீடு திரும்ப மாதக்கணக்காகலாம். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பத்தா வந்து நிற்பார். அம்மா இரவு ஷிஃப்ட் தறி ஓட்டினால் வீட்டில் சமையலும் தம்பியும் பெண்பிள்ளை பொறுப்பு. அவள் முதல் பீரியடில் தூங்கி வழிந்தால், "ராத்திரி பூரா டிவியா?" என்று வகுப்பு சிரிக்கும்படி கேட்பதற்குமுன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இன்னொரு கேள்வி உண்டு. கொங்குப் பகுதியில் அறிமுகமில்லாதவர்கள் சந்தித்தால் ஊர், பேரை அடுத்து, "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று விசாரிப்பது பலருக்கு இயல்பு. குலத்தைக் கேட்பதுபோல் இருந்தாலும் அது சாதியைத்தான் தொட்டுப் பார்க்கிறது. கல்யாண வீட்டில் எப்படியோ போகட்டும், வகுப்பறைக்குள் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. 2015இல் ஓர் இளைஞர் சாதியின் பேரால் கடத்திக் கொல்லப்பட்டது இதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்துதான். நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதியின் பேரால் தாக்கப்பட்ட சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்களின் சாதிக் கயிற்றோடு நிற்காமல் பி.எட். பாடத்திட்டத்தையும் திருத்தச் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அடி விஷயத்தில் சட்டம் வளவளக்கவில்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. "வழிகாட்டி மேடமே அடிக்கச் சொன்னாங்க" என்பது பதிலாகாது. பாலியல் தொல்லை பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் தெரிந்த எவரும் புகார் செய்தாக வேண்டும். பயிற்சியில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு கிடையாது. பிள்ளைகள் பல நேரம் மனம் திறப்பது புதிதாக வந்த, வயதில் நெருங்கிய இந்த அக்கா மாதிரியான மிஸ்ஸிடம்தான். கேட்டதை ஸ்டாஃப் ரூமில் கதையாக்கக் கூடாது, மனசுக்குள் பூட்டி வைக்கவும் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் தெரிந்திருக்க வேண்டும்.

கைபேசி தனிக்கதை. "என் செல்லங்கள்" என்று ஸ்டேட்டஸ் வைக்கிற படத்தில் கிழிந்த சட்டையோடு ஒரு பையன் நிற்பான். அவனிடமோ அவன் வீட்டிலோ யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் எந்த ரெக்கார்டிலும் ஏறுவதில்லை. ரெக்கார்டோ, சீனியரைப் பார்த்து எழுதவும் காசு கொடுத்து எழுதி வாங்கவும் முடிகிற பொருளாகிவிட்டது. பிறகு வரும் தகுதித் தேர்வின் 150 கேள்விகளிலும் "எந்தக் கூட்டம்" என்று கேட்காத நாக்குக்கு மார்க் இல்லை. அந்த இடத்தில் வழிகாட்டி ஆசிரியரின் கண்தான் ஒரே தேர்வுத்தாள். அவருக்கோ மாதத்தில் பாதி நாள் எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றுவதிலேயே போய்விடுகிறது.

பயிற்சி முடிந்து போன பிறகு சார்ட்டுகள் மட்டும் பீரோவின் தலையில் தங்கும். செரிமான மண்டலம், சிந்துவெளி, வினைமுற்று வகைகள். ஒவ்வொன்றின் கீழ்மூலையிலும் ஒரு பெயர், ஒரு வருடம், மினுமினுக்கும் பார்டர். ஆயுத பூஜைச் சுத்தத்தின்போது பெரும்பாலானவை நோட்டுக்கு அட்டையாகிவிடும். எப்போதோ ஒன்றுமட்டும் சுவரிலேயே இருக்கும். பார்டர் கூட இல்லாத சாதாரண வாய்ப்பாடு, கடைசி பெஞ்சிலிருந்தும் படிக்கும்படி பெரிய எழுத்தில், பிள்ளைகளின் கை எட்டுகிற உயரத்தில்.