ஷிப்ட் மீட்டிங் ஆங்கிலம்

வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போகும் டிப்ளமோ பிள்ளைகளை இலக்கணம் அவ்வளவாகப் படுத்துவதில்லை. படுத்துவது மரபுத்தொடர்தான். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்லாகவே இருக்கும். சேர்த்துச் சொன்னால் ஒன்றும் விளங்காது.

‘ஒரு பால்பார்க் ஃபிகர் குடுங்க’ என்கிறார் மேலாளர். பால்பார்க் என்றால் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் மைதானம். அவர் கேட்பது நம் ஊர்க் குத்துமதிப்பு. எக்ஸெலைத் திறந்து தசமப் புள்ளி வரை கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். ‘நானூறு, நானூத்தம்பது வரும் சார்’ என்றால் போதும். ‘டச் பேஸ்’ என்பதும் அதே ஆட்டத்திலிருந்து வந்ததுதான்: சும்மா ஒரு வார்த்தை பேசிக்கொள்வோம் என்று பொருள்.

‘டோன்ட் கட் கார்னர்ஸ்’ என்பதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் இதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் சொல்பவர் சிரிக்க மாட்டார். நேரம் மிச்சமாகட்டும் என்று ஒரு சோதனையை விட்டுவிட்டாய், அரைகுறையாக முடித்தாய் என்ற குற்றச்சாட்டு அதற்குள் இருக்கிறது. ‘பாஸிங் தி பக்’ என்றாலும் குற்றச்சாட்டுதான்: பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது. போக்கர் சீட்டாட்டத்தில் யார் சீட்டுப் போடும் முறை என்று காட்ட முன்னால் வைக்கும் அடையாளப் பொருள்தான் பக். பொறுப்பு என்னோடு நின்றுவிடும் என்ற பொருளில், ‘தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ என்று எழுதிய பலகையை அமெரிக்க அதிபர் ட்ரூமன் தம் மேசைமேல் வைத்திருந்தார்.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது ‘லெட் அஸ் டேபிள் இட்’. பிரிட்டிஷ் வழக்கில் இதற்கு, இப்போதே விவாதத்துக்கு எடுப்போம் என்று பொருள். நம் நாடாளுமன்றத்தில் அறிக்கையை ‘டேபிள்’ செய்வதும் இந்த வழக்கை ஒட்டித்தான். அமெரிக்கர் வாயில் வந்தாலோ, பிறகு பார்க்கலாம், ஒத்திப்போடு என்று நேர் எதிராக மாறிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் இந்த ஒரு சொல்லை வைத்து வெகுநேரம் மல்லுக்கட்டினார்கள் என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான்! ஆகவே அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசும்போது இந்தச் சொல் வந்தால், ‘டுடே ஆர் லேட்டர், சார்?’ என்று உடனே கேட்டுவிடுங்கள்.

இந்தப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் கொரிய நிறுவனம். ஒரகடத்தில் 2010-இல் திறந்த ரெனோ-நிஸான் ஆலை பிரெஞ்சு-ஜப்பானியக் கூட்டாகத் தொடங்கியது. 2012-இல் திறந்த டைம்லர் லாரி ஆலைக்குத் தாய் நிறுவனம் ஜெர்மனியில். இந்த நாடுகளிலிருந்து வரும் பொறியாளர்களில் பலருக்கும் ஆங்கிலம் நம்மைப் போலப் படித்து வந்த மொழிதான். அவர்களிடம் ‘பீஸ் ஆஃப் கேக்’ என்று அள்ளி விடுவதில் லாபமில்லை. ‘ஈஸி, டூ ஹவர்ஸ்’ என்பதே மேல்.

நம்முடைய தொடர்களுக்கும் இது பொருந்தும். ‘ஹி இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று மெயில் போட்டால், எந்த ஸ்டேஷன் என்று வெளிநாட்டவர் தேடுவார். ஊரில் இல்லை என்பதற்கு ‘அவுட் ஆஃப் டவுன்’ போதும். ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்பதை விட்டுவிட்டு, என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதிவிடுங்கள்.