சிறாரின் தலைநோய்களும் பள்ளி வருகையும்

பள்ளிச் சிறாரிடையே பரவும் தலைத்தோல் நோய்களுள் பேனும் படர்தாமரையும் முக்கியமானவை. இரண்டையும் குணப்படுத்த இயலும். ஆயின் மருத்துவமுறை வெவ்வேறு.

பேன் பறப்பதில்லை, குதிப்பதில்லை. பெரும்பாலும் தலையோடு தலை உரசுவதாலேயே பரவுகிறது. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாட்களாகும். ஆகவே, 1 விழுக்காடு பெர்மெத்ரின் மருந்தைத் தடவியபின், அந்த இடைவெளியில் மீண்டும் ஒருமுறை தடவுதல் வேண்டும். ஈரத் தலையைப் பேன் சீப்பால் வாருவதும் பயன் தரும். மண்ணெண்ணெய் தடவுவது ஆபத்தானது.

படர்தாமரை பூஞ்சையால் விளைவது. திட்டுத்திட்டாக முடி உதிர்தல், செதில், ஒடிந்த முடி ஆகியன இதன் அடையாளங்கள். பூஞ்சை முடியின் வேர்ப்பகுதியிலும் பரவுவதால் களிம்பு மட்டும் போதாது. மருத்துவர் அறிவுரைப்படி கிரிசியோஃபுல்வின் மாத்திரையைப் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் உட்கொள்ள நேரும். சீழும் வீக்கமும் கண்டபின் தாமதித்தால், அவ்விடத்தில் முடி மீண்டும் வளராமற் போகலாம்.

2013-இல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் மைய அரசுத் திட்டம், அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளில் ஒருமுறையும் சிறாரைப் பரிசோதிக்க வகை செய்கிறது. தோல் நோய்களும் அதில் அடங்கும். பேனுக்காகவோ, சிகிச்சை தொடங்கிய படர்தாமரைக்காகவோ ஒரு குழந்தையை வகுப்பிலிருந்து நிறுத்திவைக்கத் தேவையில்லை என்பதைப் பள்ளி அதிகாரிகள் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.