காவலாளிக்குச் சட்டம் உண்டு, நர்ஸுக்கு?

ஆறுமுகநேரி பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மின்கம்பங்களில் ரியல் எஸ்டேட், வட்டிக் கடன், மூலச் சிகிச்சை விளம்பரங்களுக்கு நடுவே இப்படி ஒரு நோட்டீஸும் ஒட்டியிருக்கும்: ‘நர்ஸ்கள் தேவை. ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங். முன் அனுபவம் இல்லாதவர்களும் வரலாம். உணவு, தங்குமிடம் இலவசம்.’ அடியில் ஒரு செல்போன் எண். எந்த மருத்துவமனை, எந்த ஊர், என்ன சம்பளம் என்று எதுவும் இராது. இதே வாசகம் இப்போது வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. அந்த எண்ணைக் கூப்பிட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அண்ணாச்சி, நர்ஸ் வேலைன்னு போட்டிருந்தீங்களே...”

“ஆமாம்மா. எந்த ஊரு?”

“ஆறுமுகநேரி பக்கம்.”

“நல்லதாப் போச்சு. தூத்துக்குடியிலயும் இருக்கு, திருநெல்வேலியிலயும் இருக்கு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை எல்லாம் எடுத்துட்டு வந்திரும்மா. சம்பளம் நேர்ல பேசிக்கிடலாம்.”

சம்பளத்தை நேரில் பேசிக்கொள்ளலாம், சர்டிபிகேட் மட்டும் முதலிலேயே வந்துவிட வேண்டும். இந்தத் தொழிலின் நெளிவுசுளிவு முழுவதும் இந்த வரிசைக்குள்தான் இருக்கிறது.

ஏஜென்சிக்காரர் செய்வது என்ன? முப்பது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் இரண்டு பேர் பிரசவ விடுப்பில் போய்விடுகிறார்கள். ஒருத்திக்கு வளைகுடா விசா வந்துவிடுகிறது. நைட் டூட்டிக்கு ஆள் இல்லை. முதலாளி போன் போடுகிறார், மறுநாள் காலையில் மூன்று பெண்கள் பையோடு வந்து நிற்கிறார்கள். மருத்துவமனை ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கும்; ஏஜென்சி நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்கும். இடையில் எவ்வளவு நிற்கிறது என்பது அந்த நர்ஸுக்குத் தெரியாது. மருத்துவமனை ஓர் ஆளுக்கு 20,000 ரூபாய் கொடுக்கிறது, நர்ஸ் கையில் 12,000 சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 8,000 சேவைக் கட்டணமா, பி.எஃப். பிடித்தமா, தங்குமிட வாடகையா? ‘இலவசத் தங்குமிடம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு வாடகை ஒளிந்திருக்கிறது என்று கேட்கவும் முடியாது, ஏனென்றால் சர்டிபிகேட் அவர்கள் மேஜை டிராயரில் இருக்கிறது.

இவர்கள் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட வாரத்திலும், டெங்குக் காய்ச்சல் மாதத்திலும் அவசரத்துக்கு ஆள் அனுப்ப ஒருவர் இருப்பது நல்லதுதான். அந்த ஒருவர் யார் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி.

அதே நர்சிங் ஹோம் வாசலில் சீருடையோடு ஒரு காவலாளி உட்கார்ந்திருப்பார். அவரையும் ஒரு ஏஜென்சிதான் அனுப்பியிருக்கும். ஆனால் அந்த ஏஜென்சிக்கென்றே தனியாக ஒரு சட்டம் உண்டு: தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005. மாநில அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி உரிமம் தராமல் ஒரு காவலாளியைக்கூட எங்கும் நிறுத்த முடியாது. உரிமம் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆளின் முன்வரலாற்றைச் சரிபார்க்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி தரவேண்டும். வாசலில் உட்கார்ந்து வண்டி எண்ணைக் குறித்துக்கொள்பவருக்கு இவ்வளவு. உள்ளே ஐ.சி.யூ.வில் ஊசி போடும் பெண்ணை அனுப்புகிறவருக்கு அப்படி ஒரு தனி உரிமம் கிடையாது. ஒரு செல்போனும் ஒரு லெட்டர்பேடும் போதும்.

வரித்துறைக்கு மட்டும் இவர்களை நன்றாகத் தெரியும். நோயாளிக்கு மருத்துவமனை செய்யும் சிகிச்சைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. மருத்துவமனைக்கு ஆள் அனுப்பும் வேலைக்கு 18 சதவீதம். வரி என்று வரும்போது இது ஆள் வழங்கும் வியாபாரம். கேள்வி கேட்பது என்று வரும்போது இது யாருடைய துறையும் இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1970ஆம் ஆண்டுச் சட்டம், 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் ஒப்பந்தக்காரர் உரிமம் எடுக்க வேண்டும் என்றது. அவர் சம்பளம் தராமல் போனால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது மருத்துவமனை, தரவேண்டும் என்றது. நல்ல பிரிவுதான். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்த 20 என்பது 50 ஆகிவிட்டது. புதிய தொகுப்பில் பாராட்ட வேண்டிய ஒன்றும் இருக்கிறது: ஒரு நிறுவனத்தின் மையமான வேலைக்கு ஒப்பந்த ஆட்களை வைக்கக்கூடாது என்கிறது. மருத்துவமனைக்கு நர்ஸிங்கைவிட மையமான வேலை எது? ஆனால் அதிலும் விலக்குகள் உண்டு. வழக்கமாகவே ஒப்பந்தக்காரர் மூலம் நடக்கும் வேலை, முழுநேர ஆள் தேவைப்படாத வேலை, திடீரென்று கூடிப்போன வேலை ஆகியவற்றுக்குத் தடை இல்லை. அந்த முதல் விலக்கு ஒன்று போதும், இத்தனை நாள் செய்த தவறே இனிமேலும் செய்யக் காரணமாகிவிடும். தவிர, நம் சிற்றூர் நர்சிங் ஹோம் 50 என்ற கோட்டை எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஓர் இடத்துக்கு நாலு பேர் என்று அனுப்பும் ஏஜென்சியும் மனைவி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் அந்தக் கோட்டுக்கு அடியிலேயே குனிந்து போய்விடும்.

இடைத்தரகரைச் சட்டத்தால் பிடிப்பது இந்தக் கரைக்குப் புதிய வேலை இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டு ஆட்கள் போன பாதைகளில் தூத்துக்குடித் துறைமுகமும் ஒன்று. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப் போவார். தோட்டம் மாற வேண்டுமென்றால் தோட்டத்துரை ஒரு ‘துண்டு’ எழுதிக் கொடுப்பார்: இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, இதைக் கட்டுகிறவர் இவர்களைக் கூட்டிக்கொள்ளலாம். கடன் ஆளோடு சேர்ந்தே தோட்டம் தோட்டமாக நகர்ந்தது. கங்காணிகள் அதில் கொழுத்தார்கள். 1921இல் இலங்கை அரசு அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, ‘பாதியில் போனால் இவ்வளவு கட்டு’ என்று பாண்டு எழுதி வாங்கும் பழக்கத்தை அதன் பேத்தி என்று சொன்னால் மிகையாகாது. 2012இல் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் நர்ஸுகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது பாண்டும் சம்பளமும்தான் முக்கியக் கோரிக்கைகள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் விஷயத்தில் நம் அரசு பட்டுத்தான் திருந்தியது. 2014 ஜூனில் இராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். படையின் கையில் விழுந்தபோது அங்கே மருத்துவமனையில் சிக்கிய 46 இந்திய நர்ஸுகளில் ஒருவர் தூத்துக்குடிப் பெண். மற்றவர்கள் கேரளத்துப் பெண்கள். ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சியில் வந்து இறங்கியபோது நாடே மூச்சு விட்டது. ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்தின் கடன் ஊரில் காத்திருந்ததால், குண்டு விழும் ஊரைவிட்டுக் கிளம்பவே தயங்கியவர்கள் அவர்களில் உண்டு. அடுத்த ஆண்டே கொச்சியில் இன்னொரு விவகாரம் வெடித்தது. குவைத்துக்கு நர்ஸ் அனுப்ப அதிகபட்சம் 20,000 ரூபாய் கட்டணம் வாங்க வேண்டிய இடத்தில் 19 லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள் என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 2015இல் மத்திய அரசு, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸுகளை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. கேரளத்தின் நோர்க்கா, ஒடெபெக் ஆகியவற்றோடு, 1978இல் தொடங்கிய நம் தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அந்தப் பட்டியலில் வந்தது.

ஆக, ஆறுமுகநேரிப் பெண் குவைத்துக்குப் போனால் கேட்க ஆள் உண்டு. அறுபது கிலோமீட்டருக்குள் உள்ள திருநெல்வேலிக்குப் போனால் கிடையாது.

வெளிநாடுகளில் ஏஜென்சி நர்ஸுகளுக்குச் சட்டம் இருக்கிறதே, அதையே கொண்டுவந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஏஜென்சிகள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். முதியோர் பராமரிப்பு இல்லங்களிடம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. மாசசூசெட்ஸிலும் வரம்பு உண்டு. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2015 நவம்பரில் உச்சவரம்பு கொண்டுவந்தது. படிப்படியாகக் குறைத்து, வழக்கமான சம்பளத்தைவிட 55 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற இடத்துக்கு வந்தது. நோயாளிக்கு ஆபத்து என்றால் மீறலாம் என்று ஒரு வழியும் வைத்தது, அந்த வழியில் நிறையப் பேர் நடக்கவும் செய்தார்கள். கனடாவின் கியூபெக் 2023இல் சட்டம் போட்டு, பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து தனியார் ஏஜென்சிகளைக் கட்டம் கட்டமாக வெளியேற்றத் தொடங்கியது. இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அங்கே ஏஜென்சி நர்ஸ் விலை அதிகம். நிரந்தர நர்ஸைவிட அவருக்குச் சம்பளம் கூடுதல். அதனால் மருத்துவமனையின் கஜானாவைக் காக்கச் சட்டம் போட்டார்கள்.

இங்கே கதை தலைகீழ். ஏஜென்சி நர்ஸை எடுப்பதே அவர் மலிவு என்பதால்தான். இந்த நிலையில் உச்சவரம்பு வைத்தால் அது நேராக அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் போய் இடிக்கும். நமக்கு வேண்டியது அடிவரம்பு. அதற்கும் ஏற்கெனவே ஒரு கணக்கு உண்டு. தனியார் மருத்துவமனை நர்ஸுகள் நிலை பற்றிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையடுத்து மத்திய அரசின் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது: 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 100க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50க்கு மேல் என்றால் 25 சதவீதம், 50க்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. அமல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. எந்த ஊர் நர்சிங் ஹோமில் இது நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அரசே முன்மாதிரி காட்டாதபோது தனியாரைக் குறைசொல்வதில் கூச்சம் வரத்தான் செய்யும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015இல் தேர்வெழுதி வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளுக்குத் தொடக்கத்தில் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனாக் காலத்தில் எடுத்த இரண்டாயிரத்து நானூறுக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தத்தை 2022 டிசம்பர் 31 அன்று அரசு முடித்துக்கொண்டது. பிறகு மாவட்ட அளவில் 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் மாற்றுப் பணி தருவதாகச் சொன்னது. அரசு கதவு இப்படித் திறந்து மூடும்போதெல்லாம் வெளியே நிற்கும் பெண்கள்தான் மின்கம்பத்து எண்ணைக் கூப்பிடுகிறார்கள்.

நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு மருத்துவச் சட்டம் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். டைபாய்டுக்குச் சேர்க்கப்பட்ட ஒரு குழந்தைக்கு நர்ஸ் தவறான ஊசியை நரம்பில் போட்டுவிட்டார்; குழந்தையின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. விசாரணையில் அவர் எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர் என்று தெரிந்தது. மருத்துவமனைதான் பொறுப்பு, குழந்தைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் இழப்பீடு கொடு என்றது நீதிமன்றம். அவர் மருத்துவமனையின் சொந்த ஊழியர். ஏஜென்சி அனுப்பிய நர்ஸாக இருந்தால், ‘இவர் எங்கள் ஆளே இல்லை’ என்று ஒருவரும், ‘வேலை வாங்கியது அவர்கள்’ என்று இன்னொருவரும் கையைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் வழக்கு வயதாகிவிடும்.

புதிதாகப் பெரிய சட்டம் எழுதக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இலேயே வந்தது. அதற்கான விதிகள் 2018இல் வந்தன. மாவட்டத்தில் மருத்துவமனைகளைப் பதிவு செய்வது சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சியும் அதே அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு திருத்தம் செய்தாலே பாதி வேலை முடியும். நர்ஸின் பதிவைச் சரிபார்ப்பதும் கஷ்டமில்லை: இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுக்கிறார்கள். ஆனால் இந்தப் பரிசோதனையோடு மட்டும் நின்றுவிட்டால் நோயாளிக்குத்தான் பாதுகாப்பு, நர்ஸுக்கு இல்லை. ஏஜென்சி தரும் பில்லில் மருத்துவமனை கொடுத்தது எவ்வளவு, நர்ஸ் வாங்கியது எவ்வளவு என்று இரண்டு தொகையும் இருக்க வேண்டும். அதன் நகல் நர்ஸிடம் போக வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்தால் பதிவு ரத்து. ஆள் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சம்பளத்துக்குக் கடைசிப் பொறுப்பு மருத்துவமனைக்கு.

சிறு நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர்கள் இதைக் கேட்டால், ‘நாங்கள் சொல்லிக்கொடுத்து மூன்றே மாதத்தில் சவுதிக்குப் போய்விடுகிறார்களே’ என்பார்கள். உண்மைதான், அவர்கள் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அதற்கு மருந்து சம்பளத்தில் இருக்கிறதே தவிர டிராயரில் பூட்டிய சர்டிபிகேட்டில் இல்லை. ஏஜென்சிக்காரர்களோ, இவ்வளவு விதி வந்தால் தொழிலையே விட்டுவிடுவோம் என்பார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பெரிய ஏஜென்ட், குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் 50 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் வைத்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறார். சிறிய ஏஜென்ட்டுக்கு அது 8 லட்சம். உள்ளூர் ஏஜென்சியிடம் அவ்வளவு கேட்க வேண்டாம். தான் அனுப்பியிருக்கும் நர்ஸுகளின் மூன்று மாதச் சம்பளத்தை முன்வைப்பாக வைக்கட்டும். ஒரு மாதம் சம்பளம் வராவிட்டால் அந்தப் பெண் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் அலையாமல் இணை இயக்குநர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து அதிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்.