பாரம் இழுக்கப் பெட்ரோலா, டீசலா?

சென்ற கரும்பு வெட்டுக் காலத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தைச் சேர்ந்த சங்கம் ஒன்றின் பொதுக்கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். டிராக்டரும் டிரெய்லரும் வாங்குவதற்கான தீர்மானம் விவாதத்துக்கு வந்தபோது, பின்வரிசையிலிருந்து இளைஞர் ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்கள் வீட்டுப் பெட்ரோல் காருக்கு 80 குதிரைசக்தி. சங்கம் வாங்கப்போகும் டிராக்டருக்கோ 45 குதிரைசக்திதான். அதிக சக்தி உள்ளது இழுக்காத பாரத்தைக் குறைந்த சக்தி உள்ளது எப்படி இழுக்கும்?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. அதே கேள்விக்கு விடை தெரியாமல் பணத்தை இழந்த வேறொரு சங்கத்தை நாம் அறிவோம். அந்த இழப்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தச் சங்கம் விவசாயிகளுடையது. மஞ்சள் மூட்டைகளையும் தேங்காயையும் சந்தைக்கு அனுப்பச் சொந்த வண்டி வேண்டுமென்று கருதி, ஏலத்தில் வந்த பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றை மலிவாக எடுத்து, அதன் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைப் பூட்டினார்கள். விலை குறைவு, எஞ்சினும் நல்ல நிலையில் இருந்தது. தீர்மானம் நம் பார்வைக்கு வந்தபோது நாம் ஆட்சேபம் ஒன்றும் எழுதவில்லை. மறு ஆண்டு ஆய்வுக்குச் சென்று செலவுச் சீட்டுகளைப் புரட்டுகையில், ஒரே பருவத்தில் மூன்று முறை கிளச் பிளேட் மாற்றிய ரசீதுகள் இருந்தன. டிரைவரை அழைத்துக் கேட்டோம். "வாய்க்கால் பாலம் ஏறும்போதெல்லாம் அரைக் கிளச்சில்தானுங்க வண்டி நகருது. கிளச்சை விட்டா எஞ்சின் நின்னு போகுதுங்க" என்றார். ஏலத்தில் மிச்சப்பட்ட தொகையைக் காட்டிலும் பட்டறைக்குக் கொடுத்த தொகை மிகுதி. அவ்வாண்டு அங்கத்தினர்களுக்குப் பங்கு ஈவு வழங்கப்படவில்லை.

இளைஞரின் கேள்விக்கு வருவோம். குதிரைசக்தி என்பது இழுக்கும் விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே ஒரே குதிரைசக்தியை மிகுந்த வேகமாகவும் செலவிடலாம், மிகுந்த இழுப்பாகவும் செலவிடலாம். கரும்பேற்றிய டிரெய்லரும் டிராக்டரும் சேர்ந்து 10 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். இருபதடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் அந்த எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 500 கிலோ, பின்னோக்கி இழுக்கும். தார்ச்சாலையில் சக்கரங்கள் உருள்வதற்கான தடையை 200 கிலோ என்று கொள்ளலாம். வயல்வரப்பு மண்தடமாயின் இது பல மடங்காகும். ஆக, 700 கிலோ இழுப்பு தேவை. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் சுமார் 26 குதிரைசக்தி போதும். 45 குதிரைசக்தி டிராக்டர் இதைச் சிரமமின்றிச் செய்துவிடும். அதே பாரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற வேண்டுமென்றால் நூறு குதிரைசக்திக்கு மேல் வேண்டும். டிராக்டர் மெதுவாகப் போவதைக் குறையாகப் பேசுகிறோம். அந்த மெதுவில்தான் அதன் பலம் இருக்கிறது.

காரின் 80 குதிரைசக்தியோ, எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 6,000 சுற்றுச் சுற்றும்போது கிடைப்பது. பாலத்தின் அடியில் 1,500 சுற்றில் அது திணறிக்கொண்டிருக்கையில், அந்தச் சக்தியில் நாலில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது. முதல் கியரில் போட்டாலும் சக்கரத்தில் 450 கிலோ இழுப்புக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தேவையோ 700. டிராக்டரின் டீசல் எஞ்சின் ஏறத்தாழ 2,000 சுற்றிலேயே தன் முழுச் சக்தியையும் தந்துவிடுகிறது. பாரம் அழுத்திச் சுற்றுக் குறைந்தால், ஓரளவு வரை அதன் முறுக்கு விசை கூடுகிறது. எருது முதுகை வளைத்து ஊன்றி இழுப்பதைப் போன்றது அது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் எஞ்சினால் பாரம் இழுக்கவே முடியாது என்பதன்று. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1946-ல் உருவாகத் தொடங்கிய பெர்குசன் டிராக்டர் முதலில் பெட்ரோல் எஞ்சினுடன்தான் வந்தது. உழுதது, பாரமும் இழுத்தது. அதன் கியர்கள் வெகு தாழ்வாக அமைந்திருந்தன, பின்சக்கரங்களின் மேல் எடை நன்றாக இறங்கியிருந்தது. ஆயினும் 1951-ல் அதே டிராக்டருக்கு டீசல் எஞ்சின் வைத்தார்கள். இழுக்க முடிந்தது என்பது ஒன்று, எரிபொருள் கணக்கு என்பது மற்றொன்று. உழவனுக்கு இரண்டாவதுதான் பெரிது.

டீசலின் சிக்கனம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை, ஒன்பது முதல் பன்னிரண்டு மடங்கு அளவில் சுருக்கப்பட்டுப் பொறியினால் எரிகிறது. அதற்கு மேல் சுருக்கினால் கலவை காலத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் 'தட்டும்'. டீசலில் வெறும் காற்றையே பதினாறு, பதினெட்டு மடங்கு சுருக்குகிறார்கள். காற்று கொதித்துப்போன நிலையில் எண்ணெயைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. சுருக்கம் மிகுந்தால் வெப்பத்திலிருந்து கிடைக்கும் வேலையும் மிகும். ருடால்ப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அக்கால நீராவி எஞ்சின்கள் அதற்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தன. தவிர, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெப்பம் கூடுதலாகவே இருக்கிறது.

பெட்ரோலில் இப்போது இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடெங்கும் பரவலாகிவிட்டது. எத்தனாலுக்குக் கரும்பும் ஒரு மூலப்பொருளாதலால், நம் கரும்பு விவசாயிகளுக்கு இதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் வெப்பம் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆலைக்கு விற்ற கரும்பு டேங்கில் திரும்பி வந்து மைலேஜைச் சற்றுக் குறைக்கிறது!

அப்படியானால் எல்லாச் சங்கமும் டீசலே வாங்கலாமா? வாங்கக்கூடாது என்று நாம் வற்புறுத்தும் இடமும் உண்டு. நெசவாளர் சங்கத்தின் வேலையை எண்ணிப்பாருங்கள். நூல் கட்டுகளையும் பாவையும் தறி வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பதும், நெய்த ஜமக்காளத்தையும் போர்வையையும் திரும்ப எடுத்து வருவதும் சில நூறு கிலோப் பாரந்தான். தெருவுக்குத் தெரு நிறுத்தி எடுக்கும் குறுகிய ஓட்டம். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது சிறு வண்டி என்றாலே டீசல் என்றிருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக்கும், 2014 அக்டோபரில் டீசல் விலைக்கும் அரசுக் கட்டுப்பாடு நீங்கிற்று. இரண்டுக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளி சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் டீசல் வண்டிகளுக்குப் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி முதலிய சாதனங்கள் தேவையாகி, விலையும் ஏறியது. அந்த வடிகட்டியில் சேரும் கரி எரிந்து போக வண்டி நெடுஞ்சாலையில் சிறிது நேரமாவது சூடேறி ஓட வேண்டும். தறித்தெருவிலேயே சுற்றும் வண்டிக்கு அந்த வாய்ப்பு ஏது? வடிகட்டி அடைத்துக்கொள்ளும், செலவு வரும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. அந்தந்தச் சங்கம் தன் ஊர் விலையை இட்டுக்கொள்க. டீசல் வண்டி ஒரு லட்சம் ரூபாய் அதிகம். பாரத்துடன் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டரும், டீசல் வண்டி 16 கிலோமீட்டரும் ஓடுகின்றன. விலை முறையே 100 ரூபாய், 92 ரூபாய். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 8 ரூபாய் 33 காசு, டீசல் 5 ரூபாய் 75 காசு. மிச்சம் 2 ரூபாய் 58 காசு. டீசலின் கூடுதல் பராமரிப்புக்கு 50 காசு கழித்தால் 2 ரூபாய் 8 காசு. கூடுதலாகப் போட்ட ஒரு லட்சம் திரும்ப வர 48,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 30,000 ஓடும் வண்டிக்கு இது ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 10,000 மட்டும் ஓடும் நெசவாளர் சங்க வண்டிக்கோ ஏறக்குறைய ஐந்து ஆண்டு. கடன் வட்டியையும் சேர்த்தால் அதுவும் போதாது.

இழுப்பதைப் பற்றியே பேசுகிறோம், நிறுத்துவதைப் பற்றிப் பேசுவாரைக் காணோம். இறக்கத்தில் பெட்ரோல் எஞ்சின் ஓரளவு வண்டியைப் பிடித்து நிறுத்தும். காலை எடுத்ததும் காற்று வழி அடைபட்டு, எஞ்சின் உறிஞ்ச முடியாமல் திணறுவதே காரணம். சாதாரண டீசல் எஞ்சினில் காற்று வழி திறந்தே இருப்பதால் அந்தப் பிடிப்புக் குறைவு. அதனால்தான் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் லாரிகளுக்குப் புகைக்குழாயை மறிக்கும் தனி பிரேக் இருக்கிறது. நம் டிராக்டர் டிரெய்லர்களிலோ பலவற்றில் பிரேக்கே இல்லை! பின்னால் ஆறு, ஏழு டன். நிறுத்துவதற்கு டிராக்டரின் இரண்டு சக்கரம். ஆகவே டிரெய்லர் வாங்கும் சங்கம் பிரேக் உள்ளதையே வாங்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டுமென்று டிரைவருக்குச் சொல்ல வேண்டும். உழவுக்காகத் தனித்தனியே இருக்கும் இடது, வலது பிரேக் பெடல்களைச் சாலைக்கு வருமுன் கொக்கியிட்டு இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி, டிரெய்லர் மேலே வந்து விழும். அளவுக்கு மீறிக் கரும்பேற்றி முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பி நிற்கும் காட்சியைக் கண்டவர்கள் அதை வீரமாகப் பேசுகிறார்கள். முன்சக்கரம் எழும்பினால் ஸ்டீயரிங் பயன்படாது.

டிரெய்லருக்கும் தனிப் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும். விவசாயத்துக்கென்று இன்சூர் செய்த டிரெய்லரில் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், நஷ்ட ஈடு சங்கத்தின் தலையில் விழக்கூடும். நிர்வாகக் கமிட்டி இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்து, டிரைவரிடம் கையொப்பமும் பெற்றுக்கொள்வது நல்லது.

கூட்டத்தில் இந்தக் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபின், அந்த இளைஞரே டிராக்டர் தீர்மானத்தை வழிமொழிந்தார். பிரேக் உள்ள டிரெய்லர் வேண்டும் என்ற திருத்தத்தையும் அவரே கொண்டுவந்தார். முன்பு சொன்ன ஜீப்பை, அடுத்த ஊர் நெசவாளர் சங்கம் விலைக்கு வாங்கிக்கொண்டது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு நூல் கட்டுகளை மட்டும் ஏற்றுகிறார்கள். இவ்வாண்டு ஆய்வில் அதன் செலவுச் சீட்டுகளையும் பார்த்தோம். பெட்ரோல், ஒரு முறை ஆயில், இரண்டு டயர். கிளச் பிளேட் ரசீது ஒன்றும் இல்லை.