நியமனக் கடிதத்துக்கும் முதல் வகுப்புக்கும் நடுவில்

நம் ஆசிரியர்களில் பலர் பணி ஓய்வுக்குப் பிறகோ, முதுகலைப் பட்டம் முடித்த கையோடோ தனியார் கல்லூரிகளில் பகுதிநேர விரிவுரையாளராகச் சேர்கிறார்கள். நம் மாணவர்களில் பலர் எஸ்.பி.எம். முடித்ததும் அதே கல்லூரிகளில் டிப்ளோமா படிக்கப் போகிறார்கள். ஆகவே, மலேசியாவில் ஒரு கல்வி நிறுவனம் விரிவுரையாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, எப்படித் தயார்ப்படுத்த வேண்டும் என்பது இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். "ஆள் எடுத்தாச்சு, வேலை முடிஞ்சது" என்று நிறுவனம் நினைத்தால், நட்டம் மாணவருக்குத்தான்.

1. தகுதியும் அனுமதியும்

முதலில் பார்ப்பது சான்றிதழ். பொதுவான விதி இதுதான்: கற்பிக்கும் நிலையைவிட ஒரு நிலை மேலே படித்திருக்க வேண்டும். டிப்ளோமா வகுப்புக்கு அந்தத் துறையில் இளங்கலைப் பட்டம். இளங்கலை வகுப்புக்கு முதுகலைப் பட்டம். "அந்தத் துறையில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்தவரைக் கணக்கியல் பாடத்துக்குப் போட முடியாது.

அடுத்தது, போதிக்கும் அனுமதி. 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டத்தின்படி (சட்டம் 555) இந்த அனுமதி இல்லாமல் தனியார் உயர்கல்விக் கழகத்தில் கற்பிக்கக்கூடாது. விண்ணப்பத்தைக் கல்லூரி வழியாகச் செய்வார்கள். "அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல வகுப்பை ஆரம்பிங்க" என்று யாராவது சொன்னால், அங்கேயே கொஞ்சம் யோசியுங்கள்.

அரசுப் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வெளிவேலை செய்வதற்கு முன் துறைத் தலைவரின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

2. மாதிரி வகுப்பு

நேர்காணலில் நன்றாகப் பேசுகிறவர் எல்லாரும் நன்றாகக் கற்பிப்பார் என்று சொல்ல முடியாது. எனவே, நல்ல நிறுவனங்கள் பதினைந்து அல்லது இருபது நிமிட மாதிரி வகுப்பு கேட்கும். அதில் என்ன பார்க்கிறார்கள்? எவ்வளவு தெரியும் என்பதைவிட, தெரியாதவருக்கு எப்படிச் சொல்கிறார் என்பதைத்தான். ஒரே ஒரு கருத்தை எடுத்து, ஒரு உதாரணம் காட்டி, கேட்பவர்களுக்குப் புரிந்ததா என்று ஒரு கேள்வி கேட்டு முடித்தால் போதும். நாற்பது சில்லுப்படங்களைக் காட்டி ஓட்டுவது வேலைக்கு ஆகாது.

3. ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது

பகுதிநேரச் சம்பளம் பெரும்பாலும் மணிக்கணக்கில் வரும். அந்த மணி எதை அடக்கும் என்று கேளுங்கள். 60 மாணவர்கள் இருக்கிறார்கள், ஒரு விடைத்தாள் திருத்த 15 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேர்வுக்கே 15 மணி நேரம் போய்விடும். கேள்வித்தாள் தயாரிப்பது, கூட்டங்களுக்குப் போவது எல்லாம் தனி. இதற்குச் சம்பளம் உண்டா, இல்லையா என்பது தாளில் இருக்கட்டும்.

உங்களை ஊழியராக எடுக்கிறார்களா, சுயேச்சையாகச் சேவை வழங்குபவராக எடுக்கிறார்களா என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஊழியர் என்றால் சேமநிதி, சொக்சோ சந்தாவில் முதலாளியின் பங்கு உண்டு. மேலும், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இது பேராசை இல்லை, கணக்கு.

4. பணி அறிமுகம்

நிறைய இடங்களில் சறுக்குவது இங்கேதான். சாவி, வாகன அட்டை, கடவுச்சொல் கொடுப்பதோடு அறிமுகம் முடிந்துவிடுகிறது. புதியவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு:

• பாடத்தின் அமைப்புத் திட்டம், கற்றல் அடைவுகள்
• மதிப்பீட்டு முறை: இடுபணிக்கு எவ்வளவு, தேர்வுக்கு எவ்வளவு
• சென்ற தவணையின் கேள்வித்தாளும் புள்ளி வழங்கும் முறையும்
• சந்தேகம் வந்தால் கேட்க ஒரு மூத்த விரிவுரையாளர்

பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மலேசியத் தகுதி முகமையின் கணக்கில் 1 கிரெடிட் என்றால் 40 மணி நேர மாணவர் கற்றல். 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். வாரம் 3 மணி வீதம் 14 வாரம் விரிவுரை என்றால் 42 மணிதான் ஆகிறது. மீதி 78 மணி நேரம் சுயகற்றல், பயிற்சி, இடுபணி, தேர்வுத் தயாரிப்பு. அந்த 78 மணி நேரத்தையும் திட்டமிட்டுக் கொடுப்பது விரிவுரையாளரின் வேலை. இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால், புதியவர் 42 மணி நேரம் பேசிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பார்.

14 வாரத் தவணையில் பாடத்திட்டம் மூன்றாம் வாரக் கடைசியில்தான் கையில் கிடைக்கிறது என்றால், ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த வாரங்களை யாரும் மாணவருக்குத் திருப்பித் தர முடியாது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் மூத்தவர் ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்தால், தவறுகளை அப்போதே திருத்திவிடலாம். தவணை முடிவில் மாணவர் கருத்துப் படிவம் வந்து சேரும்போது, அந்த மாணவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

5. மாணவர்களுக்கு

முதல் வாரத்திலேயே பாட அமைப்புத் திட்டத்தையும் மதிப்பீட்டு விழுக்காட்டையும் கேட்டு வாங்குங்கள். மரியாதையோடு, "ஐயா, இடுபணி எந்த வாரம் வரும்?", "அம்மா, தேர்வுக்கு எத்தனை விழுக்காடு?" என்று கேட்டாலே போதும். விரிவுரையாளரிடம் பதில் இல்லையென்றால் அவர்மேல் கோபப்படாதீர்கள். அவருக்கே இன்னும் யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். வகுப்புப் பிரதிநிதி மூலம் துறைத் தலைவரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்கும் அந்த ஒரு தாள், உங்களுக்கும் உதவும். புதிதாக வந்தவருக்கும் உதவும்.