இல்லை என்று சொன்னது யார்?

பெட்டிக்குள்ளே – 17

ஜும்ஆ முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் லப்டொப் பையோடு பொடியன் நிற்கிறான். ஆலங்குடாவில் இப்போது காற்றுக் காலம். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெளிநாட்டார் தேடி வரும் அதே தென்மேற்குக் காற்று, எங்கள் வீடுகளுக்குள் மணலைக் கொண்டுவந்து கொட்டும். பையைத் திறந்தபோது திண்ணையில் ஒரு பிடி மணல் விழுந்தது.

"சேர், வைஃபையே காணல்ல."

"எதில காணல்ல மகன்?"

"லினக்ஸ்ல. போன கிழமை இருந்திச்சு. இப்ப அந்தப் பட்டனே இல்ல."

புத்தளம் டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறான். கார்ட் எரிந்துவிட்டது, யூஎஸ்பி டொங்கிள் ஒன்று வாங்கிக் குத்துங்கள் என்றார்களாம். விண்டோஸில் போட்டுப் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லை. அவனாகவே சொன்னான், விண்டோஸில் வைஃபை நன்றாக வேலை செய்கிறது என்று. எரிந்துபோன கார்ட் ஒரு வீட்டில் மட்டும் உயிரோடு எப்படி இருக்கும்?

ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்களைக் குடிவைப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். திறந்ததும் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரும், எது வேண்டும் என்று கேட்கும். இப்படிப்பட்ட மெஷினில் ஒன்று காணாமற்போனால், மற்ற வீட்டில் அது இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதுதான் முதல் வேலை. காசு செலவில்லாத சோதனை. இரண்டிலும் இல்லையென்றால் மட்டும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடலாம்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்று ஐந்து எழுத்து தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் கே என்ற எழுத்தும் போட்டேன். மதர்போர்டில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று காட்டும் இடாப்பு அது. ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும், அதை இப்போது எந்த டிரைவர் நடத்துகிறது என்று ஒரு வரி வரும். கிராஃபிக்ஸுக்கு அந்த வரி இருந்தது. சவுண்டுக்கு இருந்தது. வைஃபை கார்டின் பெயரும் தெளிவாக வந்தது, ஆனால் அதற்குக் கீழே டிரைவர் வரி இல்லை.

ஆக, கார்ட் இருக்கிறது. அதோடு பேச ஆள் இல்லை.

எங்கள் ஊரில் இந்த வித்தியாசத்தை விளக்க அதிகம் பாடுபடத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வந்து ஒதுங்கிய இடங்களில் ஆலங்குடாவும் ஒன்று. ஆள் புத்தளத்தில், வாக்காளர் இடாப்பில் பெயர் மன்னாரில் என்று வருஷக்கணக்காக இருந்தவர்கள் இங்கே உண்டு. சில தேர்தல்களுக்குப் பஸ் பிடித்து அங்கே போய் வாக்களித்துவிட்டு வந்தார்கள். ஓர் அலுவலகத்தில் 'நீங்கள் இல்லை' என்று சொன்னால் எந்த இடாப்பைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்க, பொடியனின் வாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

டிரைவர் ஒட்டவில்லை என்றதும் என் புத்தி பழைய வழக்கத்தில் போனது. லினக்ஸுக்கு டிரைவர் தேடும் சண்டையில் முடி நரைத்த தலைமுறை நான். கார்ட் செய்யும் கம்பனிகள் விண்டோஸுக்கு டிரைவர் கொடுத்துவிட்டு லினக்ஸைக் கண்டுகொள்ளாத காலம் அது. புரோட்கொம் கம்பனியின் வைஃபை சிப்புகளுக்காக, உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று ஆர்வலர்களே தோண்டிப் பார்த்து டிரைவர் எழுதினார்கள். அந்தக் கம்பனி தன் புதிய சிப்புகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது 2010 செப்டெம்பரில்தான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை எடுத்துக்கொண்டால், கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கட்டற்ற மென்பொருள் இல்லை என்பதற்காக அதை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமலே வைத்திருந்தார்கள். 2022இல் வாக்கெடுப்பு வைத்து மனம் மாறி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில்தான் சேர்த்தார்கள். அதுவரை வைஃபை வேலை செய்ய ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க வைஃபை வேண்டும். இந்த முடிச்சுக்கு இப்போது சுலபமான வழி இருக்கிறது. அன்ட்ரொய்ட் ஃபோனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, ஃபோன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால், லினக்ஸ் பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காமல் அதையே நெட்வேர்க்காக எடுத்துக்கொள்ளும்.

அப்படியே செய்தேன். பொடியனின் டேட்டாவில் புதுப்பிப்புகளை இறக்கினேன். செக்யூர் பூட் என்ற காவல்காரன், கையொப்பம் இல்லாத டிரைவரை உள்ளே விடமாட்டான், அதையும் போய்ப் பார்த்தேன். அரைமணி நேரமும் அவன் டேட்டாவும் போனதுதான் மிச்சம். டிரைவர் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. இயங்குதளத்தின் கருவான கேர்னல் எழுதிவைக்கும் குறிப்பேட்டை முதலே வாசித்திருக்க வேண்டும். டிரைவர் கார்டைக் கூப்பிட்டது, கார்ட் பதில் தரவில்லை, டிரைவர் கைவிட்டது என்று அதில் அப்படியே இருந்தது.

இதற்கிடையில் பொடியன் வேறொரு முறைப்பாடு சொன்னான். "சேர், டி டிரைவ்ல ஃபைல் சேவ் பண்ணவும் ஏலாம இருக்கு. வாசிக்க மட்டும்தான் விடுது."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"விண்டோஸை எப்பிடி மூடுற?"

"ஷட் டவுன்தான்."

"ரீஸ்டார்ட் குடுத்து லினக்ஸுக்கு வந்து பார்."

வந்தான். வைஃபை இருந்தது! திரும்ப விண்டோஸுக்குப் போய் ஷட் டவுன் கொடுத்து, பிறகு லினக்ஸைத் திறந்தான். இல்லை. இன்னொரு தரம் ரீஸ்டார்ட். இருந்தது. பொடியன் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் வேலைகளை மூடும், ஆனால் கேர்னலையும் டிரைவர்களின் நிலையையும் ஒரு ஃபைலில் எழுதி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதை வாசித்துச் சீக்கிரம் எழும்பலாம் என்பது கணக்கு. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பெயரைக் கேட்டால் நேர்மாறாகத் தோன்றும். விண்டோஸ் மட்டும் இருக்கும் மெஷினில் இதனால் பெரிய கரைச்சல் இல்லை. இரண்டாவது குடி இருந்தால், விண்டோஸ் தூங்கவைத்துவிட்டுப் போன கார்டை லினக்ஸால் எழுப்ப முடியாமல் போகலாம். விண்டோஸ் பாதியில் வைத்திருக்கும் டிஸ்க்கில் எழுதினால் பழுதாகும் என்று லினக்ஸும் வாசிக்க மட்டும் விடும். இரண்டு முறைப்பாட்டுக்கும் ஒரே காரணம்.

நிறுத்துவது லேசு. கொன்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதில் பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று கேட்கும் பக்கம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பெட்டி முதலில் மங்கலாக இருக்கும். இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்ற பொருளில் மேலே உள்ள வரியை அழுத்தினால் தெளியும், சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். ஒருமுறைக்கு மட்டும் என்றால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் போதும்.

இரண்டு தளத்திலும், அந்த ஐந்தெழுத்து இடாப்பிலும்கூட கார்ட் இல்லாவிட்டால் அது வேறு கதை. சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பட்டரியானால் அதையும் எடுத்து, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்து சில நேரம் கார்ட் திரும்பி வரும். வராவிட்டால் அடிமூடியைத் திறக்க வேண்டும். இந்நாளைய லப்டொப்புகளில் பலவற்றில் வைஃபை கார்ட் 22 மில்லிமீற்றர் அகலம், 30 மில்லிமீற்றர் நீளம், முத்திரை அளவுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்று இருக்கும் எங்கள் ஊரில் உப்புக்காற்று இதன் பற்களையும் விடாது. பட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்டை உருவி, பற்களை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூள் இல்லாமல் ஊதி மாட்டியதில் எழும்பிய கார்ட் இரண்டு என் கணக்கில் உண்டு. அன்டெனா வயர் எது எந்த முனையில் இருந்தது என்று கழற்றுமுன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொடியனுக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தியதே போதும். டி டிரைவில் ஒரு ஃபைல் சேவ் பண்ணிப் பார்த்தான், விட்டது. பிறகு விண்டோஸைத் திறந்தான். பழைய ஹார்ட் டிஸ்க், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சேர், இப்ப இது வாறதுக்குள்ள ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிச்சிடலாம் போல."

உள்ளே பார்த்து இரண்டு கோப்பை ஊற்றச் சொன்னேன்.